போதைப்பொருள் தடுப்புத் தனிப்படையை நேரில் கண்ட அனுபவங்களை இங்கே பகிரலாம்

ரயில் பயணி, ஈரோடு:
தன்பாத் – ஆலப்புழை விரைவு ரயிலில் வருகிறவர்களுக்குக் காட்பாடிச் சோதனையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ரயில்வே பாதுகாப்புப் படையினரும் மதுவிலக்குக் காவலர்களும் சேர்ந்த தனிப்படை எங்கள் பெட்டியில் ஏறி, என் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நீலப் பையை இழுத்தது. உள்ளே பழுப்பு ஒட்டுநாடா சுற்றிய கஞ்சாப் பொட்டலங்கள் இருந்தன. "இந்தப் பை யாருடையது?" என்று அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டும் எவரும் வாய் திறக்கவில்லை. விஜயவாடாவில் என் தாயாருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்த எதிர் இருக்கை இளைஞன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பை கேட்பாரற்றது என்று எழுதி இறக்கப்பட்டது. ஜோலார்பேட்டையில் அவன் இறங்கிப் போனான். அவன் குருவியா, அதாவது கூலிக்குச் சரக்கைக் கடத்துபவனா, என்னைப் போல அஞ்சி உட்கார்ந்திருந்த இன்னொரு பயணியா என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், தேனி மாவட்டம்:
பறிமுதல் நடந்தால், கைப்பற்றியதை அங்கேயே எழுதும் பதிவான மகஜருக்குச் சாட்சியாக எங்களைத்தான் அழைப்பார்கள். மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் சாக்கு மூட்டையைத் தராசில் வைத்தபோது முள் 20 கிலோவைச் சற்றே தாண்டி நின்றது. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு சிறை, பிணையும் எளிதில் கிடைக்காது. பிடிபட்ட பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். "ஐயா, சாக்கோட சேத்தா நிறுத்தீங்க?" என்று அவர் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த எழுத்தரின் கை நின்றுவிட்டது. தனிப்படை ஆய்வாளர் நேர்மையானவர். ஈரச்சாக்கைக் கொட்டச் சொல்லி மறுபடி நிறுத்தார், எடை 20-க்குக் கீழே இறங்கியது. அப்படிக் கேட்கத் தெரியாமல் கைரேகை வைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வழக்கறிஞர், மதுரை:
ரயில் அனுபவம் எழுதிய நண்பர் ஓர் இளைஞனின் பார்வையை வைத்து ஐயப்படுவதை நான் ஏற்கவில்லை. பை அவனுடைய வசத்தில், அவன் அறிந்தே இருந்தது என்பதற்கு அடிப்படை இல்லாமல் கைது செய்திருந்தால்தான் தனிப்படை தவறியிருக்கும். என் கட்சிக்காரர் ஒருவரிடம் சாலையோரத்திலேயே மாதிரி எடுத்து அரக்கு முத்திரை வைத்தார்கள். மாதிரி உறையில் இருந்த முத்திரை நீதிமன்றத்தில் படிக்கவே முடியாமல் சிதைந்திருந்ததை நான் மறக்கவில்லை. ஆகவே இங்குள்ள அனைவருக்கும் சொல்கிறேன். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) 50-ஆவது பிரிவுப்படி, உடலைச் சோதனையிடுமுன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் அல்லது குற்றவியல் நடுவர் முன்னிலையில் சோதனை வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கையில் உள்ள பைக்கு அது பொருந்தாது. மாதிரியைக் குற்றவியல் நடுவர் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்கிறது 52ஏ பிரிவு. 2016-இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவோ காயோ கொண்ட நுனிப்பகுதி மட்டுமே. நுனி இல்லாமல் தனியே கிடக்கும் இலையும் விதையும் அதில் சேரா. எடையை மறுக்க விரும்புவோர் மகஜர் நகலை உடனே கேட்டு வாங்கி, சாக்கின் எடை தனியே குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

பொறியாளர், விசாகப்பட்டினம்:
நீங்கள் எல்லோரும் மூட்டை வந்து சேர்ந்த இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அது கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்கிறேன். 2021-இல் ஆந்திரக் காவல்துறை 'பரிவர்த்தனா' என்ற பெயரில் பாடேரு மலைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாப் பயிரை அழித்தது; 2022 பிப்ரவரியில் அனகாப்பள்ளி அருகே ஏறத்தாழ 2 லட்சம் கிலோவை எரித்தார்கள். அந்த நாட்களில் ஒரு பழங்குடி முதியவர் காவலர்களோடு சேர்ந்து தன் செடிகளைத் தானே வேரோடு பிடுங்குவதைக் கண்டேன். பிடுங்கி முடித்ததும், வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தை எப்படித் திருப்புவது என்று தெலுங்கில் அதிகாரியைக் கேட்டார். காப்பியும் மஞ்சளும் பயிரிடலாம் என்று அதிகாரி கனிவாகவே சொன்னார். காப்பிச் செடி காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வழக்கறிஞர் ஐயா சொன்ன பிரிவு எதிலும் அந்த வியாபாரியின் பெயர் வரவில்லை.

வழக்கறிஞர், மதுரை:
வரும். 27ஏ பிரிவு பணம் கொடுத்து நடத்துபவனுக்கே உரியது; தண்டனை 10 முதல் 20 ஆண்டு. மூட்டையை உடனே பிடிக்காமல் பின்தொடர்ந்து, வாங்குபவன் வரை போவதற்கு 50ஏ பிரிவும் இருக்கிறது. என் அனுபவத்தில், குருவியோடு நிறுத்திக்கொள்ளும் குற்றப்பத்திரிகைகளே அதிகம்.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், தேனி மாவட்டம்:
நான் சொன்ன பெண்ணின் வழக்கிலும் மூட்டையைக் கொடுத்து அனுப்பியவர் சேர்க்கப்படவில்லை. அவர் பெயரை அந்தப் பெண் கொட்டகையிலேயே சொன்னார். நான் கையெழுத்திட்ட மகஜரில் எடைதான் இருந்தது, அந்தப் பெயர் இல்லை.