புதுப்பிப்பு: 1/72 எல் அலமைன் டயோராமாவுக்குத் துணைப் பொருள்கள் கிடைத்தன

1942 அக்டோபர், இரண்டாம் உலகப் போரில் எகிப்துப் பாலைவனப் போர்க்களமான எல் அலமைன். 1/72 அளவில் (அசலில் 72இல் ஒரு பங்கு) பிரிட்டிஷ் 8ஆவது படையின் முகாம் ஒன்றை டயோராமாவாக, அதாவது சிறிய மாதிரிக் காட்சியாகச் செய்கிறேன். பீப்பாய், மரப்பெட்டி, எரிபொருள் டின் எல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "ரயில் மாடல் பக்கம் தேடுங்கள்" என்ற யோசனைதான். ஓஓ (OO) என்ற ரயில் மாடல் அளவு ஏறக்குறைய 1/76. பீப்பாயிலும் சாக்குமூட்டையிலும் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை. இன்னொரு ரயில் அளவான எச்ஓ (HO, 1/87) மட்டும் வேண்டாம், சுருங்கிப்போய்த் தெரிகிறது.

எரிபொருள் டின்தான் தகராறு. நான் பார்த்த செட்டுகளில் எல்லாம் ஜெர்ரிகேன்தான், அதாவது ஜெர்மானியர் வடிவமைத்த உறுதியான எரிபொருள் கேன். பாலைவனத்தில் பிரிட்டிஷார் பெரிதும் நம்பியிருந்தது 'ஃப்ளிம்சி' என்ற 4 காலன் தகர டின்னை, அதுவும் சுலபத்தில் ஒழுகும். ஜெர்மானியரிடம் கைப்பற்றிய ஜெர்ரிகேன்களையும் விடாமல் பயன்படுத்தினார்கள் என்பதால் இரண்டையும் கலந்து வைக்கலாம். ஃப்ளிம்சிக்கு 3 மி.மீ. சதுர பிளாஸ்டிக் கம்பியை 5 மி.மீ. துண்டுகளாக நறுக்கினேன். அச்சு அசல் நம்மூர் மண்ணெண்ணெய் டின்!

மணல்மூட்டை எபாக்ஸி புட்டியில் (இரண்டு பகுதிகளைப் பிசைந்தால் இறுகும் களிமண் போன்ற பொருள்) உருட்டியது. புட்டி இறுகுமுன் பழைய துணியை அழுத்தினால் சாக்கு நெசவு பதியும்.

எதிர்பாராதது ஒன்று: மென்பிளாஸ்டிக் பொருள்களில் அக்ரிலிக் பெயின்ட் உரிந்து வந்தது. சோப்புநீரில் கழுவி, தண்ணீர் கலந்த பிவிஏ (PVA) என்ற வெள்ளைப் பசையை ஒரு கோட் பூசியபின் நிற்கிறது.