குறுந்தொகை 40: அலகிடலிலும் மெய்ப்பாட்டிலும் ஒரு உதவி

வணக்கம். வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்குக் கொடுக்க, 'யாயும் ஞாயும்' பாடலுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. இரண்டு இடத்தில் உங்கள் கருத்து வேண்டும்.

நேரிசை ஆசிரியப்பா என்பதில் சிக்கலில்லை: ஐந்து அடி, ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீர், முடிவு ஏகாரம். பிள்ளைகள் தடுமாறுவது சந்தி பிரித்த பதிப்பால்தான். 'யார் ஆகியரோ' என்று அலகிட்டால் (அசை பிரித்தால்) நாள், கூவிளங்காய் என்ற வாய்பாடுகள் வரும். 'யாரா கியரோ' என்றால் தேமா, புளிமா. 'தாங்கலந் தனவே'யும் இப்படியே.

முதல் கேள்வி, 'எந்தையும்'. தையை ஐகாரக்குறுக்கமாக (குறில்போலக் குறுகி ஒலிக்கும் ஐ) கொண்டால் கூவிளம், நெடிலாகவே எண்ணினால் தேமாங்காய். நான் கூவிளம் என்கிறேன். புள்ளி போடுபவர்கள் மற்றதையும் ஏற்பார்களா?

தொடையில் அடியெதுகை தேட வேண்டாம், கிடைக்காது. அடிக்குள்தான் எல்லாம்: யாயும்–ஞாயும், எந்தையும்–நுந்தையும் இணையெதுகை (முதலிரு சீரில்), யாயும்–யாரா, எந்தையும்–எம்முறை பொழிப்பு மோனை (முதல், மூன்றாம் சீரில்). இந்தச் சோடிகள் மூன்றடி அடுக்கி வந்து, நாலாமடியில் ஒரு சீர் குறைகிறது. அந்த இடைவெளியில் 'செம்புலப் பெயனீர் போல' என்ற உவமை நிற்கிறது, அழகான வேலை!

இரண்டாவது, மெய்ப்பாடு, அதாவது பாடலில் வெளிப்படும் உணர்ச்சி. உவகை என்று எழுதி முடிப்பது எளிது. ஆனால் பிரிவான் என அஞ்சிய தலைவியைத் தேற்றத் தலைவன் சொன்னதென்கிறது கூற்றுக் குறிப்பு. அவள் அச்சத்தையும் விடையில் சேர்ப்பதா? தொல்காப்பியப் பொருளதிகாரம் படிப்பிப்பவர்கள் சூத்திரத்தோடு சொன்னால் பெரிய உதவி.