புதுப்பிப்பு: அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணம்

அப்பாவுக்கு வந்த 17 லட்சத்தைத் தெரிந்தவரிடம் மாசம் ரெண்டு வட்டிக்குக் கொடுக்கலாமா, தபால் நிலையத்தில் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா?

தபால் நிலையம்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம், 8.2% வட்டி. காலாண்டுக்கு 30,750 ரூபாய். 5 வருடத்துக்கு இந்த வட்டி மாறாது. ஒரு லட்சத்துக்கு மேல் என்பதால் செக்தான். கை நடுக்கத்தில் அப்பாவின் கையெழுத்து மூன்று தடவையும் மூன்று விதமாக விழுந்தது. கவுன்ட்டரில் இருந்த அம்மா, "டீ குடிச்சிட்டு வந்து போடுங்க சார்" என்றார். நாலாவது சரியாக வந்தது.

ஒரு வருடத்துக்குள் மூடினால் வாங்கிய வட்டியையும் பிடித்துக்கொள்வார்களாம். அதனால் மிச்ச 2 லட்சம் ஆஸ்பத்திரி, அவசரம் என்று வங்கியிலேயே கிடக்கிறது.

ரெண்டு வட்டிக்காரர் இன்னும் போன் பண்ணுகிறார். அப்பா எடுப்பதில்லை.