கம்ப்யூட்டர் இல்லாத, நாலு பேர் உட்காரும் பழைய இத்தாலிய கார்: எதை வாங்கலாம்?

டுரின்வாசி

வணக்கம். ஊர் மதுரைப் பக்கம், ஆறு வருடமாக டுரினில் இருக்கிறேன். போன பிப்ரவரியில் என் கார் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிதான் போய்விட்டது. புதுப் பெட்டி வந்து, அதை வண்டியோடு இணைத்துத் தர ஆள் கிடைக்கப் பதினெட்டு நாள் ஆனது. அத்தனை நாளும் அப்பாவின் பியட் 1100 தான் நினைவில் இருந்தது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்த வண்டி, கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். வழியில் மக்கர் பண்ணினால் அப்பா பானட்டைத் திறந்து, தீப்பொறியைக் கிளப்பும் பாயின்ட் என்ற தொடுமுனையை உப்புத்தாளால் தேய்த்து, பத்து நிமிடத்தில் கிளப்பிவிடுவார்.

அப்படி என் கையால் பார்த்துக்கொள்ளக்கூடிய இத்தாலிய வண்டி ஒன்று வேண்டும். நான், மனைவி, 9 வயது மகன், 5 வயது மகள் என நாலு பேர். தினமும் ஓட்ட அல்ல, ஞாயிற்றுக்கிழமை லாங்கே மலைப்பக்கம் போய்வரத்தான். மனதில் இருப்பவை ஆல்ஃபா ரோமியோ ஜி.டி. ஜூனியர், லான்சியா ஃபுல்வியா கூப்பே, ஆல்ஃபா ஜி.டி.வி. 6. எந்த வருடத்துக்கு முன்னால் செய்த வண்டியில் கம்ப்யூட்டர் இருக்காது? ஃபுல்வியா பிறந்த ஊர்ப்பக்கமே குடியிருப்பதால் அதன்மேல் கொஞ்சம் ஆசை அதிகம்.

வெபர்40

வருடத்தை வைத்துத் தேடாதீர்கள். 1967இலேயே பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் வந்துவிட்டது, அது மின்னணுப் பெட்டி வைத்துப் பெட்ரோல் தெளிக்கும் முறை. மறுபக்கம், எண்பதுகளிலும், மின்னணு இல்லாமல் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் சாதாரண கார்புரேட்டர் வண்டிகள் விற்பனையில் இருந்தன. அதனால் பானட்டைத் திறந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: பெட்ரோலை எது அளந்து கொடுக்கிறது, பொறியை எது கிளப்புகிறது? முதலாவதற்கு கார்புரேட்டர், இரண்டாவதற்கு பாயின்டும் கண்டென்சரும் என்று பதில் வந்தால் அது உங்கள் வண்டி.

ஜி.டி.வி. 6ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வி6 எஞ்சினின் சத்தத்துக்கு நானும் அடிமைதான், ஆனால் அதில் எல்-ஜெட்ரானிக் இருக்கிறது, அதுவும் மின்னணுப் பெட்டி வைத்த முறைதான். நீங்கள் எதைக் கண்டு ஓடி வருகிறீர்களோ அதன் மூத்த அண்ணன் அது. ஃபெராரி 400ஐ விசாரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதலில் வந்த 400 கார்புரேட்டர் வண்டி. 1979இல் வந்த 400i வகையில் இருப்பது கே-ஜெட்ரானிக், அது இயந்திர முறையிலேயே பெட்ரோலை அளக்கிறது. ஆனாலும் அதன் பன்னிரண்டு சிலிண்டரை வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துக்கொள்வது நடக்காத காரியம்.

இனி முக்கியமான விஷயம். நாலு பேர் என்றால் இரண்டு கதவுக் கூப்பே வேண்டாம். நாலு கதவு ஆல்ஃபா ஜூலியா செடானின் முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2,510 மி.மீ. அதே அடித்தளத்தில் பெர்டோனே நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்த கூப்பேயில், அதாவது உங்கள் ஜி.டி. ஜூனியரில், அது 2,350. ஃபுல்வியாவிலும் இதே கதை: செடான் 2,480, கூப்பே 2,330. குறைந்த அந்த 15, 16 செ.மீ. பின்சீட்டில் உட்காருகிறவரின் முழங்காலிலிருந்து எடுத்ததுதான். ஐந்து வயதுக்குச் சரி. உங்கள் மகன் இரண்டே வருடத்தில் முன்சீட்டை உதைப்பான்.

என் தேர்வு ஜூலியா சூப்பர். 1962இல் மோன்சா பந்தயத் தடத்தில் அறிமுகமான ஜூலியாவுக்கு மூன்று வருடம் கழித்து வந்த வடிவம். 1,570 சி.சி. அலுமினிய எஞ்சின், தலையில் வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட், ஐந்து கியர், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். பார்த்தால் பிஸ்கட் பெட்டி மாதிரி இருக்கும், ஆனால் காற்றுத் தடைக் கெழு 0.34தான். இத்தாலியப் போலீஸ் இதை வைத்துத்தான் திருடர்களைத் துரத்தியது, 'பாந்தேரா' (சிறுத்தை) என்று பெயரே உண்டு. டிக்கியும் பெரியது.

ஃபுல்வியா ஆசையை விட முடியாவிட்டால் அதன் செடானைப் பாருங்கள். 1972 மான்டி கார்லோ ராலியில் ஓட்டுநர் முனாரி ஜெயித்தது கூப்பேயில் என்பதால் எல்லாரும் அதைத்தான் தேடுகிறார்கள். செடானைச் சீந்துவார் இல்லை, அதனால் விலை குறைவு. எஞ்சின் அதே குறுங்கோண வி4 (நாலு சிலிண்டரும் நெருங்கிய V வடிவில்), முன்சக்கர இழுவை. வேலைப்பாடு நேர்த்தியானது. ஆனால் அந்த எஞ்சினை அறிந்த கைகள் குறைவு, உதிரி பாகமும் ஆல்ஃபாவுக்குக் கிடைக்கிற மாதிரி கிடைக்காது.

பலெர்மோ கராஜ்

தம்பி, நான் யாழ்ப்பாணம், பலெர்மோவில் வாகனங்களுக்குத் தகர வேலை செய்கிறேன். எஞ்சினைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் இந்த வாகனங்களைக் கொல்லுவது எஞ்சின் இல்லை, துரு. எஞ்சினை இறக்கித் திருத்தலாம். அடித்தகரம் போன வாகனத்துக்கு வாங்கின விலையைவிடக் கூடச் செலவாகும்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கோ. கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகரம், ஜாக்கி வைக்கிற இடம், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், சக்கர வளைவு, எல்லா இடமும் வைத்துப் பாருங்கோ. காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே ஓட்டையை மூடின பட்டிப் பூச்சுதான் இருக்கும். பிறகு காலடி மிதியடியைத் தூக்கிப் பாருங்கோ, டிக்கியின் தரை விரிப்பையும் எடுத்துப் பாருங்கோ. ஃபுல்வியா என்றால் எஞ்சினைத் தாங்குகிற முன் சட்டமும் அது உடம்போடு சேருகிற இடங்களும்தான் உயிர். அதைப் பாராமல் ஒரு சதமும் குடுக்க வேண்டாம்.

மினுமினுக்கிற புதுப் பெயின்ற் எனக்குப் பயம். மங்கின பழைய பெயின்ற் நல்லது, அது எதையும் மறைக்காது. 1985க்கு முந்தின கறுப்பு நம்பர் பலகை மாறாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்காக ஒன்று. அந்தக் காலத்து வாகனங்களில் பின்சீற்றுக்குப் பெல்ற் இராது. பெல்ற் இல்லாத வாகனத்தில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை ஏற்றவே கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். உங்கள் மகளுக்கு ஐந்து வயது, பின்னால் இருத்தலாம் என்று சட்டம் விடும். நான் விடமாட்டேன். உள்ளே தகட்டை ஒட்டிப் பலப்படுத்தி, பெல்ற் போட்ட பிறகுதான் பிள்ளைகளை ஏற்ற வேணும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.

டுரின்வாசி

இருவருக்கும் நன்றி. நேற்று 1971 ஜூலியா சூப்பர் ஒன்றைப் பார்த்து வந்தேன், குடும்பத்தோடு. பின்சீட்டில் மகனும் மகளும் சண்டை போடாமல் உட்கார்ந்தார்கள். காந்தம் ஓட்டுநர் பக்கப் பின்சக்கர வளைவில் மட்டும் ஒட்டவில்லை, உள்ளங்கை அளவு. மற்ற இடமெல்லாம் இரும்புதான்.

மூன்று சந்தேகம். வண்டி சூடாவதற்கு முன்னால் இரண்டாவது கியர் கரகரவென்று விழுகிறது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு வீச்சு நீலப்புகை வந்து நின்றுவிடுகிறது. மூன்றாவதுதான் உறுத்துகிறது: பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர் காயிலுக்குப் போகிறது, மூடியைத் திறந்தால் பாயின்டே இல்லை. அப்படியானால் இதிலும் கம்ப்யூட்டரா?

வெபர்40

கம்ப்யூட்டர் இல்லை. பின்னாளில் யாரோ பாயின்டை எடுத்துவிட்டுச் சின்ன மின்னணு உணரி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். எந்த நேரத்தில் பொறி என்று அது கணக்குப் போடாது, பாயின்ட் செய்த வேலையைத் தொடாமல் செய்கிறது, அவ்வளவே. ஆனால் வழியில் அது போனால் உப்புத்தாளால் சரிசெய்ய முடியாது. பழைய பாயின்டும் கண்டென்சரும் கைவசம் உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால் ஒரு மணி நேரத்தில் திருப்பி மாட்டிவிடலாம். பாயின்டின் இடைவெளி சுமார் 0.4 மி.மீ., அதை அளக்க ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு போதும், பிறகு பொறி நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். நான் என் வண்டியில் பாயின்டே வைத்திருக்கிறேன், கண்டென்சர் மட்டும் இரண்டு உபரியாக டேஷ்போர்டில் கிடக்கும்.

இரண்டாவது கியர் கரகரப்பது இந்த கியர்பாக்ஸின் பிறவிக்குணம். எண்ணெய் சூடாகும்வரை முதலிலிருந்து மெதுவாக மாற்றுங்கள். சூடான பிறகும் கரகரத்தால், கியர் உரசாமல் சேர உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது, அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

நீலப்புகை நீங்கள் சொன்ன மாதிரி காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் என்றால், பெரும்பாலும் வால்வு கைடும் அதன் சீலும் தேய்ந்து எண்ணெய் உள்ளே கசிகிறது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றும் வேலை. ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே போகும்போதும் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங், அது பெரிய செலவு. ஏற்றத்தில் பார்த்தீர்களா?

டுரின்வாசி

இல்லை, போன பாதை முழுக்க இறக்கமும் சமதரையும்தான். சனிக்கிழமை மறுபடி போகிறேன். இந்த முறை டுரின் பக்கத்துச் சுபெர்கா குன்றின் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க விற்பவரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றார். பாயின்டும் கண்டென்சரும் ஒரு பழைய டப்பாவில் பத்திரமாக இருக்கின்றனவாம்.

பலெர்மோ கராஜ்

போகிறபோது அந்தச் சக்கர வளைவின் உட்பக்கத்தை டிக்கிக்குள் இருந்து லைற் அடித்துப் படம் எடுத்து அனுப்புங்கோ. வெளியில் மட்டும் பட்டி என்றால் ஒரு நாள் வேலை, நானே சொல்லித் தருவேன். உள்ளேயும் ஓட்டை என்றால் காசு குடுக்க முதல் எனக்குச் சொல்லுங்கோ.