ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிட்டாருக்குக் கம்பி எங்கே எடுக்கலாம்?

அண்ணாமார், தம்பிமார், கிளிநொச்சியில் இருந்து ஒரு உதவி கேட்கிறேன். கோயில் திருவிழாக்களில் நான் வாசிக்கிற நாலு கம்பி பேஸ் கிட்டாரில் ஆகத் தடித்த ஈ கம்பி கறள் பிடித்து, தட்டினால் தகரம் மாதிரிக் கிடக்கிறது. போன மாதம் ஒரு கடையில் 'பேஸ் கம்பி எல்லாம் ஒன்றுதான் தம்பி' என்று தந்ததை நம்பி வாங்கிவந்து கொழுவினால், நுனியில் மெலிய வேண்டிய இடம் முறுக்காணியைத் தாண்டிப் போய் நிற்கிறது, தடித்த பகுதி ஆணியில் சுற்றவே மாட்டேன் என்கிறது. அப்புறம்தான் அளந்து பார்த்தேன். நட்டில் (கழுத்தின் நுனியில் கம்பியைத் தாங்கும் கட்டை) இருந்து 12ஆவது ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை 15 அங்குலம். அது பாதி, அப்படியென்றால் ஸ்கேல், அதாவது அதிரும் கம்பியின் முழு நீளம், 30 அங்குலம். வாங்கியது 34 அங்குலத்துக்கானது! குறட்டால் வெட்டலாம் என்று கை போனது, சுற்று கழன்றுவிடும் என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியது 30 அங்குலத்துக்கான ஷார்ட் ஸ்கேல் செட், நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது). ஃபிளாட்வவுண்ட் (தட்டைப் பட்டி சுற்றியது) விரலுக்கு இதம்தான், ஆனால் அந்த மொத்தைச் சத்தம் எங்கள் பாட்டுகளுக்குச் சரிவராது. ஸ்கேல் குறைந்தால் இழுவையும் குறையுமே, 45-105 தடிப்பு செட் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், மெல்லிய கம்பி 45, ஈ கம்பி 105) போட்டால் ஈ கம்பி தொய்ந்து ஃபிரெட்டில் அடிக்குமா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கடை தெரிந்தாலும் சரி, பஸ்ஸில் போட்டுவிட்டால் சந்தியில் வந்து எடுத்துக்கொள்வேன்.