மதிலில் முளைத்திருக்கும் இந்தப் பன்னம் (பெரணி) எது? வறை வறுக்கலாமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
எங்கள் வீடு பாட்டன் காலத்துக் கட்டடம். பின்மதிலில் சாந்து உதிர்ந்த இடமெல்லாம் ஒரு சின்னப் பன்னம். பெரியதே ஒன்றரைச் சாண்தான் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த நெப்ரோலெப்பிஸ் என்று நினைத்தேன். மாமியோ கீரையாகச் சமைக்கும் மீவனப் பன்னம் மாதிரித்தான் இருக்கிறது, குருத்தைக் கிள்ளி வறை வறுக்கலாம் என்கிறார். யாருக்காவது தெரியுமா?

உயிரியல் ரீச்சர்:
தம்பி, முதலில் முற்றிய இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். நெப்ரோலெப்பிஸ் என்றால் வித்திகள் தனித்தனிப் புள்ளிகளாக இருக்கும். காய்ந்த சிற்றிலையைத் தொட்டாலே கழன்று விழும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பார்த்தேன் ரீச்சர். புள்ளியே இல்லை. சிற்றிலையின் இரண்டு ஓரத்திலும் மண்ணிறக் கோடு, சட்டை விளிம்பை மடித்துத் தைத்த மாதிரி. நகத்தால் சுரண்டினால் தூள் கொட்டுகிறது. நுனிச் சிற்றிலை நல்ல நீளம். காம்புப் பக்கம் வரவர சிறுத்துக்கொண்டே போகிறது.

உயிரியல் ரீச்சர்:
அப்போ அது டெரிஸ் விட்டாட்டா. ஆசியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, தென் ஐரோப்பா எல்லாம் பரவிய பன்னம். மற்றப் பன்னங்கள் பெரும்பாலும் நிழல் தேடும். இது வெயிலையும் தாங்கும், சுண்ணாம்பு கண்ட இடத்தை விடாது. உங்கள் பாட்டன் குழைத்த சுண்ணாம்புச் சாந்து அதற்கு விருந்து.
வறை வேண்டவே வேண்டாம்! மண்ணில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தால் உறிஞ்சி இலையில் சேர்த்துவிடும். புளோரிடாவில், பலகை உளுக்காமல் இருக்க ஏற்றும் ஆர்செனிக் கலந்த மருந்தால் கெட்டுப்போன நிலத்தில் இது செழித்து நின்றதை வைத்து 2001 இல் அதைக் கண்டறிந்தார்கள். உங்கள் மதிலில் நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாமி சொல்லும் மீவன ஈரமான நீர்க்கரையில் வளரும், அது வேறு.

பழைய மேசன்:
பன்னத்தை விடுங்கள், மதில் ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது? மேலே கூரைத் தண்ணீர் ஓடும் பீலி ஒழுகுதா பாருங்கள். அரசங்கன்று நின்றால் இன்றைக்கே வேரோடு எடுங்கள். பன்னத்தின் வேர் சாந்தோடு நின்றுவிடும், அரசு சுவரையே பிளக்கும். ஒன்று, சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசிவிடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பீலிதான் அண்ணை, மூட்டில் ஒழுக்கு. அரசங்கன்றும் இரண்டு நின்றது, பிடுங்கியாயிற்று. பன்னம் நிற்கட்டும். மாமிக்கு வல்லாரை இரண்டு கட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.