பாத்தி ஓரக் கல் நடுவது: வளைவுக்கு வழி சொல்லுங்க

வேலூர், காட்பாடி பக்கம் கல் வேலை தெரிஞ்சவங்க கொஞ்சம் பாருங்க. 3 அடி நடைபாதைக்கு இரண்டு பக்கமும் பாத்தி. மொத்தம் 60 அடிக்குக் கருங்கல் ஓரம். கல் 1 அடி நீளம், 9 அங்குல உயரம், 4 அங்குலக் கனம். உடைசலுக்கும் சேர்த்து 66 கல் கணக்கு.

நூல் கட்டி 8 அங்குல ஆழத்துக்குப் பள்ளம். அடியில் 3 அங்குலம் முக்கால் அங்குல ஜல்லி, திமிசு (இடிக்கும் கட்டை) போட்டு இடிச்சபின் 1 அங்குலம் எம்‑சாண்ட் (கல்லை உடைச்சு எடுக்குற மணல்). கல் 4 அங்குலம் மண்ணுக்குள், 5 அங்குலம் வெளியே. நேர் வரிசைக்கு இது போதும்.

சிக்கல் வளைவில்தான். 4 அடி ஆரத்தில் உள்முனைகள் ஒட்டி நின்னா, வெளிப்பக்கம் ஒவ்வொரு மூட்டிலும் 1 அங்குலம் வாய் பிளக்குது. மழையில் பாத்தி மண் அதுவழியா கரைஞ்சு பாதைக்கு வரும். கல்லை 6 அங்குலமா வெட்டினா சந்து அரை அங்குலமாகுது, ஆனா நீளம் குறைஞ்ச கல் சீக்கிரம் ஆடும்.

சிமெண்ட் கலவை வச்சுச் சந்தை அடைக்க மனசு வரலை. இங்க இருக்குற களிமண் நனைஞ்சா உப்பும், காஞ்சா சுருங்கும். பூச்சு விரிஞ்சிடும், தண்ணியும் தேங்கும்.

பாதைப் பக்கம் மட்டும், மண்ணுக்குள்ள மறையுற மாதிரி 1:3:6 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் அணை கொடுத்தா ஈர மண் தள்ளுறதைத் தாங்குமா? இல்லை, கல்லின் பக்கங்களை ஆப்பு மாதிரி செதுக்குவதே நல்லதா? அப்படிச் செதுக்க ஒரு கல்லுக்குக் கூலி என்ன? ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கணும்.